மணல் போடாத பெட்டி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது மேடம். இடது பக்கத்துப் பின்கால் கொஞ்சம் குட்டை. ஒரு அட்டைத் துண்டை நாலாக மடித்து வைத்தால் போதும், எழுதும்போது கை அலுங்காது. வேண்டுமானால் நானே வைத்துவிடுகிறேன். வேண்டாமா, சரி.

நான் தச்சன். முப்பத்தொரு வருஷமாக இதே தொழில்தான். கோபக்காரன் இல்லை. பட்டறைக்கு அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் மனைவியை ஒரு அடி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நகர மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி நடந்தது. படம் மாட்டியிருந்த பலகை ஒன்று சாய்ந்து விழுந்து ஒரு பெண்ணின் வலது கை போனது. கோப்பு உங்கள் ஸ்டேஷனிலேயே இருக்கும். தரையில் மெழுகு அதிகமாகி, பலகையின் கால் வழுக்கி விழுந்துவிட்டது என்று அதில் முடித்திருப்பார்கள். அந்தப் பெண் என் மனைவி. அந்தப் பலகையைச் செய்தவன் நான். அது மெழுகால் விழவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அது பிடித்திருந்தது. பட்டறை கீழே, வீடு மாடியில். ரம்பத்தை நிறுத்தினால் மேலே என் மனைவி நடக்கும் சத்தம் கேட்கும். இப்போது அடுப்படியில் இருக்கிறாள், இப்போது ஜன்னல் பக்கம் போகிறாள் என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். அந்தச் சத்தம் காதில் இருந்தால் எனக்கு வேலை தன்னால் ஓடும்.

மகள் போனபிறகு என் மனைவிக்குப் பொழுது போகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓவிய டீச்சர் ஒருவர் வீட்டில் வகுப்பு நடத்தினார். வாரத்தில் மூன்று நாள் காலையில் போய்வரட்டுமா என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. வண்ணக் குப்பிகளை வைத்துக்கொள்ள அறை அறையாகத் தடுத்து ஒரு பெட்டியே செய்துகொடுத்தேன். அந்த மூன்று நாளும் மேலே சத்தம் இருக்காது. ரம்பத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து காது கொடுப்பேன். ஒன்றும் இருக்காது. மறுபடி ரம்பத்தைப் போடுவேன்.

இரண்டு வருஷத்தில் அவள் மாறிவிட்டாள். மாறிவிட்டாள் என்றால் கெட்டுப்போனாள் என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது பேச ஆரம்பித்தாள். "இன்னிக்கு டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமாங்க" என்று தொடங்கினால் தட்டு காயும்வரை பேசுவாள். நடுநடுவே சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவளிடம் அது எங்கே இருந்தது, ஏன் எனக்குக் காட்டவில்லை என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

போன வருஷம் டீச்சர் தன் மாணவர்களின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்த முடிவுசெய்தார். மண்டபத்துச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். அதனால் தனியாக நிற்கும் பலகைகள் வேண்டும் என்று என் பட்டறைக்கே வந்தார். மொத்தம் பதினாலு பலகை. ஒவ்வொன்றும் எட்டடி உயரம், நாலடி அகலம். மரச்சட்டம் கட்டி, இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்து, வெள்ளை பூச வேண்டும். எந்தப் பலகை எங்கே, யார் படம் எதில் என்று ஒரு தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தார்.

"பதிமூணு பலகையை வளைச்சு வளைச்சு நிறுத்திக்கலாம். கடைசிப் பலகை மட்டும் தனியா நிக்கட்டும். அது உங்க வீட்டம்மா படம். மத்ததெல்லாம் பாத்துட்டு வர்றவங்க அங்க வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் வெளிய போகணும்."

"அவ படம் அவ்வளவு நல்லா வந்திருக்கா?"

"நீங்க இன்னும் பாக்கலையா?" என்றார் டீச்சர். அவர் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

சுவரில் அடிக்கும் பலகைக்குச் சுவர் பொறுப்பு மேடம். தனியாக நிற்கும் பலகைக்குச் செய்தவன்தான் பொறுப்பு. பதிமூன்று பலகைகளைக் கீல் போட்டு மடக்கி மடக்கி நிறுத்தினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பலகைக்கு அந்தத் துணை இல்லை. அதற்கு அடியில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பாதக்கட்டைகள் வேண்டும், குறைந்தது இரண்டரை அடி நீளத்துக்கு. அவ்வளவு நீட்டினால் ஜனங்கள் தடுக்கி விழுவார்கள், ஒன்றரை அடிக்குள் முடியுங்கள் என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் அடியில் ஒரு பெட்டி அடித்து மணல் நிரப்பிவிடுகிறேன், மலை மாதிரி நிற்கும் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு என் மனதில் வேறொன்றும் இல்லை.

அடுத்த வாரம் அவள் படத்தைக் கொண்டுவந்து பட்டறையில் என் முன்னால் வைத்தாள். சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்ட வேண்டும். எங்கள் வீட்டைத்தான் வரைந்திருந்தாள். கட்டில், சாப்பாட்டு மேஜை, அடுப்படி ஷெல்ஃப், அலமாரி. அலமாரிக் கதவில் கண் மாதிரி ஒரு கணு உண்டு, அதைக்கூட விடவில்லை. ஆனால் படத்தில் ஆள் யாரும் இல்லை. வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே நல்ல வெயில்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"கதவைச் சாத்தியிருக்கலாம்."

அவள் சிரித்தாள். நான் தமாஷுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, கண்காட்சி நன்றாக நடந்தால் வேறு ஊரில் பத்து நாள் முகாம் ஒன்று இருக்கிறதாம், டீச்சர் தன்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார், போகட்டுமா என்று கேட்டாள். போய்விட்டு வா என்றேன். அவள் படியேறி மேலே போனாள். நான் அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அந்த வழியாகப் போய்விட்டபிறகு இருக்கும் வீடு அது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கடைசிப் பலகையை முடித்தேன். பெட்டியில் மணல் போடவில்லை. வெறும் பெட்டியாகவே மூடி, ஆணி அடித்து, வெள்ளை பூசினேன். பாதக்கட்டைகளைத் திருப்பிப்போட்டு, முன்பாதியின் அடியில் மட்டும் கால் அங்குலம் இழைத்துவிட்டேன். கீழே அது கால் அங்குலம்தான். எட்டடி உயரத்துக்குப் போகும்போது பலகையின் தலை இரண்டு மூன்று விரற்கடை முன்னால் வந்துவிடும். படத்துக்குக் கடையில் இருந்ததிலேயே கனமான கண்ணாடியாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். இதையெல்லாம் கோபத்தில் செய்யவில்லை. கை பதறாமல், அளவெடுத்துச் செய்தேன். இழைத்த இடத்தை உப்புத்தாள் போட்டுக்கூடத் தேய்த்தேன். அடியில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள், இருந்தாலும் சொரசொரப்பாக விட மனம் வரவில்லை.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படம் விழ வேண்டும். கண்ணாடி உடைந்து தாள் கிழிய வேண்டும். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வர வேண்டும். நான் தேற்ற வேண்டும். அவ்வளவுதான்.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை மண்டபத்தைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பராமரிப்பாளர் தரை தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டுவார். அவரை எல்லோரும் மெழுகு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் மெழுகு போட்ட தரையில முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம் தம்பி" என்று பலகைகளை இறக்கிய அன்றே என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த இயந்திரம் பக்கத்தில் ஓடினால் தரை கிடுகிடுவென்று அதிரும். அந்த அதிர்வே போதும் என்று கணக்குப் போட்டேன். அந்த மனுஷனை நான் நினைக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தேன். அவர் பலகையின் பின்பக்கமாக வருவார், பலகை முன்பக்கம்தான் விழும் என்று நினைத்தேன்.

முதல் நாள் விழவில்லை. சாயங்காலம் போனால் பலகை அப்படியே நிற்கிறது. மெழுகு அண்ணன் என்னைப் பார்த்ததும் வந்தார். "உங்க வீட்டம்மா படத்துக்கிட்ட மட்டும் நான் மெஷினைக் கொண்டு போகல தம்பி. கண்ணாடி அதிரும்ல. கையாலயே தொடச்சிட்டேன்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

இரண்டாம் நாள் நாலு மணிக்கு நல்ல கூட்டம். அவள் தன் படத்தின் அருகில் நின்று யாரோ இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கம் நின்றேன். பலகையின் தலை முதல் நாளைவிட இன்னும் முன்னால் வந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. படம் கோணலாக இருப்பதாக யாரோ சொன்னார்கள். அவள் வலது கையைத் தூக்கிச் சட்டத்தின் கீழ்முனையைப் பிடித்து நேராக்கினாள். பலகை அப்படியே சாய்ந்து வந்துவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை, கண்ணாடிச் சத்தம்தான் கேட்டது. பலகையைத் தூக்கியபோது அவள் கை அடியில் இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கண்ணாடி எலும்புவரை இறங்கியிருந்தது. நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டையெல்லாம் ரத்தம். எல்லோரும் பார்த்தார்கள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தையல் போட உள்ளே கொண்டுபோனபிறகு, மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். உடைந்ததை எடுத்துப்போகிறேன் என்று சொல்லி அந்தப் பலகையை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். யாரும் தடுக்கவில்லை, பாவம் மனுஷன் என்று இரண்டு பேர் கைகூடக் கொடுத்தார்கள். பட்டறையில் மூடியைப் பெயர்த்துப் பெட்டி நிறைய மணலைக் கொட்டினேன். பாதக்கட்டைகளை மாற்றி வேறு அடித்தேன். மூடியை அறைந்து மேலே ஒரு கை வெள்ளை பூசினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு எத்தனை தையல் போட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இருபத்திரண்டு என்று பிறகு சொன்னார்கள்.

மூன்றாம் நாள் விசாரணைக்குப் பட்டறைக்கு வந்தவர்கள் பலகையை நிறுத்தி, தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. நல்ல வேலை என்று ஒருவர் சொன்னார். பிறகு எப்படி விழுந்திருக்கும் என்று என்னையே கேட்டார்கள். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "தரை கொஞ்சம் வழுக்குச்சோ என்னமோ" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் தாங்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

மெழுகு அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னாலேயே அவருக்கு ஒரு அறை இருந்தது, அதுவும் போயிற்று. தூரத்தில் யாரோ தங்கை வீட்டில் ஒண்டியிருந்தார். மண்டபம் என்ன சொன்னதோ அதை அவரும் நம்பிவிட்டார். "மெஷின்ல போட்டிருந்தா மெழுகு சமமா பரவியிருக்கும் தம்பி. கையால தொடச்சதுல அங்கங்க திட்டுத்திட்டா நின்னுடுச்சு போல. நல்லது செய்யப்போயி இப்படி ஆயிடுச்சு" என்றார். இரண்டு பஸ் மாறி, வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வருவார். அவள் ஒவ்வொரு தடவையும் "உங்க மேல தப்பில்லண்ணே, சும்மா வருத்தப்படாதீங்க" என்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

ஒருநாள் அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அந்தப் படத்துக்கு நான் என்ன பேர் வெச்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"என்ன பேரு?"

"'அவர் செய்தவை'னு. நீங்க செஞ்ச சாமானை எல்லாம் ஒரே படத்துல கொண்டுவந்தேங்க. இத்தனை வருஷம் செஞ்சிருக்கீங்க, யாரு பாத்தா? நாலு பேர் பாக்கட்டுமேன்னுதான். கதவைத் தொறந்து வெச்சது, வாங்க, வந்து பாருங்கன்னு."

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மெய்யாகவே சொல்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. இதை அவள் முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே என்று. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் மனம் கஷ்டப்படும்.

எட்டு மாதம் வாயைத் திறக்காதவன் இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்றுக் காலை மெழுகு அண்ணன் வந்தார். தங்கை வீட்டிலும் இனி இருக்க முடியாதாம், வடக்கே எங்கேயோ ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்திருக்கிறதாம், இனி வர முடியாது என்றார். கிளம்பும்போது என்னைத் தனியாகப் பட்டறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தம்மாவும் திட்ட மாட்டேங்குது, நீங்களும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறீங்க. அதுதான் எனக்குத் தாங்கல. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிடுங்க. மனசு ஆறிடும். போயிடுறேன்."

நான் மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நகரவில்லை.

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ண்ணே" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் நிம்மதி என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேட்டதைத்தான் கொடுத்தேன். ஆனால் அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அதன்பிறகு உளியைக் கையில் எடுக்க முடியவில்லை. நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. அவருக்கு எப்படியாவது கடிதம் போட்டு, மெழுகால் இல்லை என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டார்.

இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள் மேடம். அன்றைக்கு நாலு மணிக்கு வாசல் பக்கம் நின்றதாகச் சொன்னேன். அப்படி இல்லை. நான் அவளுக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். படம் கோணல் என்று சொன்னது யாரோ இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்த இருவரும் நகர்ந்தபிறகு என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பலகை சாஞ்ச மாதிரி இருக்கே. பாருங்களேன்."

"பலகை சரியாத்தான் இருக்கு" என்றேன். "படந்தான் கோணல். கீழ்முனையைப் பிடிச்சு இழு."

அவள் இழுத்தாள். நான் சொன்னால் அவள் செய்வாள். எப்போதுமே அப்படித்தான்.

அதற்குமுன் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பு இருந்திராவிட்டால் நான் ஒரு கையால் பலகையைப் பிடித்திருப்பேன் என்று நம்புகிறேன்.

வேறு ஏதாவது இருக்கிறதா என்றால், இந்தத் தாள் இருக்கிறது. இது குற்றத்தில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என்னிடம் கொடுத்தது. கைக்கான பயிற்சிகள். ரப்பர் பந்தை அமுக்குவது, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவது. முதல் ஆறு வாரம்தான் முக்கியம், ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் விரல்கள் விறைத்துப்போகும் என்று சொன்னார். அவளுக்கு அப்போது நல்ல வலி. அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார் டாக்டர் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். தாளை மடித்து என் பையிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது கட்டைவிரலும் மடங்காது.

நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. தலை வாரிப் பின்னி விடுகிறேன். பொத்தான் போட்டு விடுகிறேன். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பார்த்தாள், மேலெல்லாம் சிந்தியது, நான்தான் கரண்டியை வாங்கிவைத்தேன். அவள் வகுப்புக்குப் போவதில்லை. டீச்சர் இரண்டு தடவை வந்தார், தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள், அம்மாவுக்கு இந்த வீடுதான் வசதி என்றேன். "உங்கள மாதிரி யாருப்பா பாத்துக்குவாங்க" என்று போனிலேயே அழுதாள். கீழே ரம்பத்தை நிறுத்தினால் மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்கிறது, எல்லா நாளும்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். எழுதி முடித்ததும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். மணி பன்னிரண்டரை ஆகிறது. ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், அதற்குள் நான் வீட்டுக்குப் போயாக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.